அரிசிக்கொம்பனும் ஆறாம் அறிவும்

2023-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள், சனிக்கிழமை காலையில் கம்பம் நகருக்குள் நடந்ததை நம் வாசகக் குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. ஒற்றை ஆண் யானை ஒன்று ஊருக்குள் புகுந்து தெருத் தெருவாக நடந்தது. மக்கள் மாடிகளில் ஏறி நின்றார்கள். ஆட்டோ வண்டிகள் நசுங்கின. யானைக்கு முன்னால் ஒரு கூட்டம் ஓட, பின்னால் வேறொரு கூட்டம் வேடிக்கை பார்த்துக்கொண்டே ஓடியது. நகரில் 144 தடையுத்தரவு பிறந்தது. இருசக்கர வாகனத்தில் வந்து அதன் எதிரில் அகப்பட்டுக் காயமுற்ற முதியவர் ஒருவர், சில நாள்களில் மருத்துவமனையில் உயிர் துறந்தார். விலங்குகளின் அறிவைப் பற்றி இம்மாதம் நாம் மெச்சிப் பல சொல்லப்போகின்றோம். ஆகையால் அந்த முதியவரின் மரணத்தை முதலில் எழுதி வைத்துவிட்டுத் தொடங்குவதே முறை.

அந்த யானைக்கு மலையாளத்தில் 'அரிக்கொம்பன்' என்று பெயர். அரி என்றால் அரிசி. போடிமெட்டுக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைகளையும் தொழிலாளர் வீடுகளையும் உடைத்து அரிசி தின்று பெயர் பெற்றவன். அவனைப் பிடித்துக் கும்கியாக்கவே முதலில் எண்ணினார்கள். வழக்குக் கேரள உயர்நீதிமன்றத்துக்குச் சென்று, பிடித்து வேறு காட்டில் விடுவதென்று முடிவாயிற்று. ஏப்ரல் 29-இல் மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் கொண்டுபோய் விட்டார்கள். அவனோ மேகமலைக்கு வந்தான். பின்பு மலையிறங்கிக் கம்பத்துக்கு வந்தான். சுருளிப்பட்டி, சண்முகாநதி அணை, நம் பனிமய மாதா கோவில் கொண்ட இராயப்பன்பட்டியின் மலையடிவாரம் என்று அலைந்தான். ஜூன் 5-ஆம் நாள் அதிகாலையில் சின்னஓவுலாபுரம் அருகே மீண்டும் ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றித் தெற்கே கொண்டு சென்று, மறுநாள் மேல்கோதையாறு வனத்தில் விட்டார்கள்.

இந்நாள்களில் ஒரு ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும், ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் நம்மிடம் வந்தான். "பாதர், அரிக்கொம்பனுக்கு இன்னும் கொஞ்சம் புத்தி வந்துட்டா அது மனுஷனாயிடுமா?" என்றான். உடன் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. குருமடத்தில் நாம் கற்றிருந்தது வேறு வகை. செடிக்கு வளரும் ஆன்மா, விலங்குக்கு உணரும் ஆன்மா, மனிதனுக்கு அறிவார்ந்த ஆன்மா என அரிஸ்டாட்டிலும் புனித தாமஸ் அக்குவினாசும் வகுத்த மூன்று படிகள். படிக்கும் படிக்கும் நடுவே ஏணி இல்லை. பேராசிரியர் அதைக் கரும்பலகையில் மூன்று கட்டங்களாக வரைந்தார். நாமும் அப்படியே எழுதித் தேர்வில் தேறினோம். ரேஷன் கடைச் சுவரின் எந்தப் பக்கம் மெலிந்தது என்று தேர்ந்து உடைக்கும் யானையை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று நம்மை அன்று எவரும் கேட்டதில்லை.

வீட்டுக்குத் திரும்பியபின் நினைவுக்கு வந்தது தொல்காப்பியம். மரபியலில் ஆசிரியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகின்றார். புல்லும் மரமும் ஓரறிவு. ஆறாவதாகிய மனத்தையுடையவர் மக்கள். இவ்வளவும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பலர் கவனியாதது, அவர் அத்துடன் நிறுத்தவில்லை என்பதே. அந்த இனத்தில் பிறவும் உண்டு என்று கூட்டிச் சொல்கின்றார். விலங்குகளில் ஒரு சாராரும் அவ்வகையில் சேர்வர் என்று கூறும் நூற்பாவும் அங்கே காணப்படுகின்றது. நம் முன்னோர் கதவை முற்றிலும் சாத்திவிடவில்லை, ஒருக்களித்து வைத்திருந்தார்கள்.

இனி அச்சிறுவனின் கேள்விக்கு வருவோம். அதில் ஒரு பிழை உண்டு. பெரியவர்களும் செய்யும் பிழை. உயிரினங்கள் எல்லாம் ஒரே ஏணியில் ஏறிக்கொண்டிருப்பதாகவும், உச்சிப்படியில் மனிதன் நிற்பதாகவும், யானை இரண்டு படி கீழே மூச்சு வாங்குவதாகவும் நாம் நினைத்துக் கொள்கின்றோம். பரிணாமம் பற்றி அறிஞர் கூறுவது ஏணியன்று. கிளைத்துப் பரந்த ஆலமரம். யானையின் கிளையும் நம் கிளையும் பிரிந்து ஏறக்குறையப் பத்துக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் கிளையும் சிம்பன்சியின் கிளையும் பிரிந்து அறுபது எழுபது இலட்சம் ஆண்டுகளே. ஆகவே யானைக்கு இன்னும் கொஞ்சம் புத்தி கூடினால் அது மனிதனாகாது. மேலும் புத்தியுள்ள யானையாகும். கேட்க வேண்டிய கேள்வி, வேறொரு கிளையிலும் மனிதனுடையதைப் போன்ற அறிவு பழுக்கக்கூடுமா என்பதே.

மூளையின் பருமனை வைத்து இதைத் தீர்த்துவிட முடியாது. யானையின் மூளை ஐந்து கிலோ அளவுக்கு இருக்கும். நம்முடையது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. 2014-இல் சுசானா ஹெர்குலானோ ஹௌசல் என்னும் பிரேசில் நாட்டு அறிவியலாளரும் உடன் உழைத்தோரும் ஆப்பிரிக்க யானையின் மூளையிலுள்ள நரம்பணுக்களைக் கணக்கிட்டார்கள். மொத்தம் 25,700 கோடி. மனிதனுக்கு உள்ளது 8,600 கோடியே. ஆனால் யானையின் நரம்பணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சிறுமூளையில் அடைந்து கிடக்கின்றன. எலும்பற்ற அந்தத் துதிக்கையை ஆட்டுவிக்கவே அத்தனையும் வேண்டியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. சிந்தனைக்குரியதாகக் கருதப்படும் மேற்புறணியில் யானைக்கு 560 கோடி. நமக்கு 1,600 கோடி. சிறிய வீடாயினும் நம் வீட்டில் படிப்பறை பெரிது என்று சொல்லலாம்.

ஆயினும் அந்த 560 கோடியைக் கொண்டு யானை செய்வன அற்பமல்ல. 2006-இல் நியூயார்க் நகர விலங்குக் காட்சிச்சாலையில் ஆளுயரத்தினும் பெரிய கண்ணாடி ஒன்றை யானைகளின் முன் வைத்தார்கள். 'ஹாப்பி' என்னும் ஆசிய யானை, கண்ணாடியில் தன்னைப் பார்த்து, தன் நெற்றியில் வரைந்திருந்த வெள்ளைக் குறியைத் துதிக்கையால் மீண்டும் மீண்டும் தொட்டது. கண்ணாடியில் தெரிவது தானே என்று அது அறிந்தது என்பதற்கு இதைச் சான்றாகக் கொண்டார்கள். உடனிருந்த மற்ற இரண்டும் அவ்வாறு செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2011-இல் தாய்லாந்தில் வேறொரு சோதனை வெளியாயிற்று. ஒரு பலகையின் மீது தீனி. அதைக் கட்டிய கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு யானைகள் ஒருசேர இழுத்தால்தான் பலகை நகரும். ஒன்று மட்டும் இழுத்தால் கயிறு உருவிக்கொண்டு வந்துவிடும். கூட்டாளி வரும்வரை காத்திருக்க யானைகள் விரைவில் கற்றுக்கொண்டன. அவற்றில் இளைய யானை ஒன்று கயிற்றின் முனையைக் காலால் மிதித்துக்கொண்டு சும்மா நின்றது, இழுக்கும் பாடு முழுவதும் கூட்டாளிக்கு, தீனி இருவருக்கும். பங்குப் பேரவை நடத்திப் பழகிய நமக்கு இந்த யானையின் அறிவில் ஐயமே எழவில்லை.

ஆனால் தனியொரு விலங்கின் சாதுரியம் வேறு. ஓர் இனத்தில் மனித அறிவு போன்ற ஒன்று வளர்வது வேறு. இவ்விடத்தில் கடலின் பேய்க்கணவாயை நினைக்க வேண்டும். எட்டுக் கைகளையுடைய அந்த உயிருக்கு ஐம்பது கோடி நரம்பணுக்கள் வரை உண்டு. அவற்றில் பெரும்பகுதி கைகளிலேயே உள்ளன. மூடிய குப்பியைத் திறக்கும், தொட்டியிலிருந்து தப்பும். ஆனால் அதன் பெரும்பாலான வகைகளுக்கு ஆயுள் ஓரிரண்டு ஆண்டுகளே. தாய் முட்டைகளைக் காத்துப் பொரியவைத்து, குஞ்சுகள் வெளிவரும் வேளையில் இறந்துபோகின்றாள். குஞ்சுக்குத் தாயில்லை, பாட்டியில்லை, பள்ளியில்லை. ஒவ்வொரு தலைமுறையும் 'அ'னாவிலிருந்து தொடங்குகின்றது. எத்தனை கூர்மையிருந்தும் சேமிப்பில்லாத குடும்பம் அது.

யானைக்குப் பாட்டி உண்டு. தான்சானியாவில் 1993-இல் கொடிய வறட்சி வந்தபோது, தரங்கிரே பூங்காவிலிருந்து சில யானைக் குடும்பங்கள் புறப்பட்டு வெளியே போய்விட்டன. அவற்றின் கன்றுகள் பெரும்பாலும் பிழைத்தன. அங்கேயே தங்கிய குடும்பம் கன்றுகளை மிகுதியாக இழந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, வெளியேறிய குடும்பங்களில் 1958 முதல் 1961 வரை நிகழ்ந்த முந்தைய பஞ்சத்தைக் கண்டறிந்த வயதுக்கு வந்த முதிய பெண் யானைகள் இருந்தன என்று தெரியவந்தது. முப்பத்தைந்து ஆண்டுக்கு முன் நடந்த வழி ஒரு கிழவியின் தலைக்குள் இருந்தது. நாம் இதை வாசித்தபோது, தாதுவருஷப் பஞ்சத்தைப் பற்றித் தம் பாட்டியார் சொல்லக் கேட்டதை நமக்குச் சொன்ன முதியவர்களின் முகங்கள் நினைவில் வந்தன.

ஆகவே நீண்ட குழந்தைப் பருவம், கற்பிக்கும் முதியோர், கூட்டு வாழ்க்கை, எதையேனும் பிடித்துத் திருகக் கைபோன்ற ஓர் உறுப்பு, இவ்வளவும் யானையிடம் உண்டு. இல்லாதவை எவை? ஒன்று, அடுப்பு. நம் மூளை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே; ஆனால் இளைப்பாறும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது தின்றுவிடுகின்றது. இவ்வளவு செலவுக்காரனை வீட்டில் வைத்துச் சோறு போட, நம் மூதாதையர் தீயைப் பிடித்து உணவைச் சமைத்ததே வழி செய்தது என்று ரிச்சர்ட் ராங்கம் என்னும் அறிஞர் வாதிடுகின்றார். சமைத்த உணவு விரைவில் செரிக்கும். மென்று கழியும் நேரம் மிச்சமாகும். யானையோ நூற்றைம்பது கிலோ அளவுக்குப் புல்லும் பட்டையும் தின்ன வேண்டி ஒரு நாளின் பெரும்பகுதியை மெல்லுவதிலேயே கழிக்கின்றது. அது எப்போது சிந்திக்கும்?

இங்கேதான் அரிக்கொம்பனின் கதை நம்மைத் திடுக்கிட வைக்கின்றது. பல மணி நேரம் புல் மெல்லுவதன் பயன் ஒரு மூட்டை அரிசியில் சில நிமிடங்களில் கிடைக்கும் என்று அவன் கண்டுகொண்டான். நம் இனம் தானியத்தைக் கண்டுகொண்டபோது செய்த கணக்கும் இதுவே. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் எழுந்து, அந்தத் தண்ணீரால் இப்பள்ளத்தாக்கு இருபோக நெல்லும், பின்னர்த் திராட்சையும் வாழையும் விளைந்து நாம் பெருகியதும் அதே கணக்கினால்தான். நம்முடைய நாகரிகத்தை நாம் எந்த மூட்டையில் வைத்திருந்தோமோ, அதே மூட்டையைத்தான் அவனும் உடைத்தான்.

ஒரு யானை அரிசி தின்னக் கற்றதால் அதன் கன்று அறிவாளியாய்ப் பிறந்துவிடாது. கற்றது இரத்தத்தில் இறங்குவதில்லை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று கற்கும், அவ்வளவே. பிறவியிலேயே மாறுதல் நிலைபெற ஆயிரக்கணக்கான தலைமுறைகள் வேண்டும். ஆனால் பழக்கமாகிய மாறுதல் நம் கண்முன்னே நடக்கின்றது. நிஷாந்த் சீனிவாசையாவும் உடன் ஆய்ந்தோரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு தென்னிந்தியாவில் 248 ஆண் யானைகளை ஒளிப்படங்களால் அடையாளம் கண்டு செய்ததாகும். வழக்கமாகத் தாய்க்கூட்டத்தை விட்டதும் தனித்தோ தளர்ந்த சேர்க்கையாகவோ திரியும் இளம் ஆண் யானைகள், மனிதர் நிலத்தைத் திருத்திய பகுதிகளில் பெருங்கூட்டமாகச் சேர்ந்து நிலையாக வாழத் தொடங்கியுள்ளன என்று அது காட்டிற்று. பயிருக்குள் போவது ஆபத்து. ஆபத்துக்குத் துணை தேவை. மின்வேலிக் கம்பியைத் தந்தத்தால் அறுத்தால் மின்சாரம் தாக்காது என்பதையும் பல யானைகள் கண்டுகொண்டுள்ளன. வேலியை நாம் உயர்த்த உயர்த்த அவற்றின் யோசனையும் உயர்கின்றது. அறிவற்றவை பிடிபடுகின்றன, அறிவுள்ளவை எஞ்சுகின்றன. நம்மையறியாமல் நாமே ஒரு பள்ளிக்கூடம் நடத்துகின்றோம்.

நம்மைக் கேட்டால், யானையைவிட நாட்டுக் குரங்கின்மீதே பந்தயம் கட்டுவோம். (குருவானவர் பந்தயம் கட்டலாமா என்று எழுத வேண்டாம்.) யானை எண்ணிக்கையில் குறைந்தது, ஒரு கன்றுக்கு இருபத்திரண்டு மாதம் வரை சுமக்கின்றது, தலைமுறை மெல்ல நகர்கின்றது. குமுளி மலைப்பாதையிலும் போடிமெட்டுச் சாலையிலும் வண்டிகளை எதிர்பார்த்து அமர்ந்திருக்கும் குரங்குக்குக் கை உண்டு, கூட்டம் உண்டு, எதையும் தின்னும் வயிறு உண்டு. பந்திப்பூரில் சாலையோரக் குரங்குகளைக் கவனித்த பெங்களூர் ஆய்வாளர்கள், அவை மனிதரிடம் ஒருவித மென்குரல் எழுப்பிக் கையை நீட்டி உணவு கேட்பதை 2018-இல் எழுதினார்கள். மனிதன் தன் பக்கம் பார்த்திருக்கிறானா என்று கவனித்து, அதற்கேற்ப அவை கேட்கின்றன. குரங்குகள் தங்களுக்குள் பேசும் மொழியில் இல்லாத ஒரு சைகையை நம்மிடம் பேசுவதற்கென்றே உண்டாக்கிக் கொண்டன போலும். மேகமலைச் சோலையின் உச்சிக் கிளைகளில் வாழும் சிங்கவால் குரங்குக்கு இந்தத் தேவை எழவில்லை. அது நம்மைப் பாராமலே வாழ்ந்துவிட விரும்புகின்றது. பாவம், சோலைதான் சுருங்குகின்றது.

இவ்வளவிருந்தும் வேறோர் இனத்தில் நம் போன்ற அறிவு பழுக்குமா என்பதில் அறிஞரே இரு பிரிவு. உயிர் வரலாற்றை மீண்டும் முதலிலிருந்து ஓடவிட்டால் மனிதன் வரமாட்டான், எல்லாம் தற்செயல் என்றார் அமெரிக்கரான ஸ்டீபன் ஜே கோல்ட். இல்லை, பேய்க்கணவாயின் கண்ணும் நம் கண்ணும் தனித்தனிப் பாதையில் வந்து ஒரே அமைப்பை அடைந்ததைப்போல், அறிவும் பல பாதைகளில் வந்தடையக்கூடிய ஊரே என்கின்றார் கேம்பிரிட்ஜின் சைமன் கான்வே மாரிஸ். அவர் கிறிஸ்தவ நம்பிக்கையுடையவர். நியூ கலிடோனியத் தீவுக் காக்கை இனத்தைச் சேர்ந்த 'பெட்டி' என்னும் காக்கை 2002-இல் ஆக்ஸ்போர்டில் நேரான கம்பியைத் தானே கொக்கியாக வளைத்துக் குழாய்க்குள்ளிருந்த இரையைத் தூக்கியதை நோக்க, நம் மனம் இரண்டாமவர் பக்கம் சற்றே சாய்கின்றது. காக்கைக்கும் நமக்கும் பொதுவான மூதாதை முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தையது.

விசுவாசிகளில் சிலருக்கு இது அச்சமூட்டும். "அப்படியானால் நாம் கடவுளின் சாயல் இல்லையா?" என்று நம்மிடம் நேரில் கேட்டவர்களும் உண்டு. திருச்சபை இவ்விஷயத்தில் அஞ்சி ஓடவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் எழுதிய சுற்றுமடலில், மனித உடல் முன்னிருந்த உயிரினத்திலிருந்து தோன்றியதா என்று ஆராய்வதை விலக்கவில்லை. ஆன்மா இறைவனால் நேரே படைக்கப்படுகின்றது என்பதை மட்டும் வலியுறுத்தினார். 1996-இல் இரண்டாம் அருள் சின்னப்பர், பரிணாமம் வெறும் ஊகத்தினும் மேலானது என்று பாப்பிறை அறிவியல் கழகத்துக்கு எழுதினார். சாயல் என்பது மூளையின் எடையானால், மனவளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைக்கு நாம் எவ்வாறு ஞானஸ்நானம் கொடுக்கின்றோம்? நினைவு முழுதும் அழிந்துபோன மூதாட்டிக்கு எவ்வாறு நன்மை கொண்டு செல்கின்றோம்? சாயல் அளிக்கப்பட்டது, ஈட்டப்பட்டதன்று. அதை அளித்தவர் நாளை வேறோர் உயிருக்கும் தம்மை அறியும் மனத்தை அளிக்கத் திருவுளம் கொண்டால், நம் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கப்போவதில்லை. மூத்த மகனைப்போல் வாசலில் நின்று முகம் கோணுவதற்கு நமக்கு வழக்கில்லை.

உண்மையில் நம்மை உலுக்கியது வேறு. 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு வட வங்காளத்துத் தேயிலைத் தோட்டங்களில் நடந்ததைச் சொல்கின்றது. ஐந்து இடங்களில் யானைக்கூட்டங்கள் தங்கள் இறந்த கன்றுகளைக் காட்டிலிருந்து இழுத்து வந்து, தோட்டத்து வடிகால் வாய்க்கால்களில் இட்டு மண்ணால் மூடியிருந்தன. கால்கள் மேல்நோக்கியபடி இருந்தன. அதன்பின் யானைகள் அவ்வழியைத் தவிர்த்தன. இதற்குச் சாவு பற்றிய அறிவு காரணமா, வேறு காரணமா என்று விவாதிக்க இடமுண்டு. நாமும் அதில் தீர்ப்புச் சொல்லத் துணியவில்லை. ஆனால் இறந்தோரை அடக்கம் செய்தல் என்பதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். அரசனுக்கு அஞ்சாமல் இரவில் பிணங்களைப் புதைத்த தோபித்தை எடுத்துக்காட்டுகின்றோம். எத்தனையோ குழந்தைகளின் குழியருகே நின்று மண் தூவியவர் நாம். அந்த வாய்க்காலின் படத்தைப் பார்த்தபின் அன்று மாலைத் திருப்பலியில் மறையுரை சரியாக அமையவில்லை.

இவ்வாறெல்லாம் நாம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தபோது, திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் இடைமறித்தார். "உங்களுக்கென்ன சாமி, உங்களுக்குத் தோட்டமில்லை. பந்தல் போடக் கடன், மருந்துக்குக் கடன். ஒரு ராத்திரி வந்துட்டுப் போனா எங்க வருஷமே போச்சு" என்றார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம். நகரத்தில் இருந்துகொண்டு யானைக்குக் கண்ணீர் விடுவோர், அந்த முதியவரின் வீட்டுக்கும் இந்தத் தோட்டத்துக்கும் ஒருமுறை வந்து போகலாம். இழப்பீடு காலத்தில் வந்து சேர்வதும், தானியத்தைச் சுவர் பலத்த கிடங்கில் வைப்பதும், யானை வரும் செய்தி முன்கூட்டித் தெரிவதும் கிடைத்தாலன்றி, விலங்கின் அறிவை வியக்கும்படி உழவனிடம் சொல்ல நமக்கு வாயில்லை. அவர் சொன்னதைக் கேட்டபின்னும் ஒன்று மட்டும் நம் மனத்தில் நின்றது. "அது தெரியாம வரல சாமி, எங்க காவக்காரன் எப்போ தூங்குவான்னு அதுக்குத் தெரியும்" என்றும் அவரே சொன்னார். எதிரியாயினும் அறிவுள்ள எதிரி என்று அவர் ஒப்புக்கொண்டார். விலங்கு நூல்களைப் படித்த நாம் அத்தனை தெளிவாகச் சொல்லியிருக்கமாட்டோம்.

எண்ணிக்கை நூலில் பிலயாமின் கழுதையைப் பற்றி வாசிக்கின்றோம். ஆண்டவரின் தூதர் வழிமறித்து நிற்பதைக் கழுதை கண்டது; தீர்க்கதரிசி காணவில்லை. மூன்று முறை அடித்தான். அதன்பிறகே கழுதைக்கு வாய் திறக்கப்பட்டது. நாம் இளமையில் இதை ஒரு வேடிக்கைக் கதையாகவே பிரசங்கித்துவந்தோம். கழுதை பேசியதில் நமக்கு வியப்பிருந்தது. பேசுமுன்னே அது பார்த்துவிட்டது என்பதைக் கவனிக்கவில்லை.

வேறோர் இனத்தில் அறிவு கனிய வேண்டுமாயின் அதற்குக் காலமும் இடமும் வேண்டும்; எண்ணிக்கையும் வேண்டும். இந்தியக் காடுகளில் யானைகள் 22,446 என்று மரபணுவைக் கொண்டு எடுத்த கணக்கு 2025-இல் வெளியாயிற்று. மேகமலைக் காடுகள் 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தன. அக்காப்புக்கு உட்பட்ட மலைக்கும் நம் வாழைத் தோட்டங்களுக்கும் இடையே பல இடங்களில் ஒரு மண்பாதை மட்டுமே. அந்த அளவு இடத்தில் இலட்சம் ஆண்டுகள் எப்படிக் கிடைக்கும்? உலகில் அறிவென்னும் அறையில் நாம் முதலில் நுழைந்தோம். இப்போது கதவருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரும் நாமே.

சிறுவனுக்கு நாம் பிறகு பதில் சொன்னோம். "மனுஷனாகாது தம்பி. ஆனால் அதுவும் யோசிக்கும்" என்றோம். அவனுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஏலத்தோட்ட வேலைக்கு நாள்தோறும் விடியுமுன் ஜீப்பில் மலையேறும் அவன் தாயார் அருகில் நின்றார். அவர் சொன்னதை இங்கே எழுதி முடிக்கின்றோம். ஒருநாள் வளைவொன்றில் விளக்கொளியில் யானைக் குடும்பம் சாலையைக் கடந்துகொண்டிருந்ததாம். ஓட்டுநர் விளக்கை அணைத்துவிட்டார். ஜீப்புக்குள் பதினான்கு பெண்கள், மூச்சுவிடவில்லை. கன்று கடக்கும்வரை பெரிய யானை சாலை நடுவில் நின்றது. கன்று போனபின்னும் அது போகவில்லை. ஜீப்பை நோக்கி நின்றது.

"எங்களை எண்ணிப் பார்த்துச்சு சாமி" என்றார் அவர்.

எத்தனை பேர் என்று எண்ணியதா, எங்களைப்பற்றி எண்ணியதா என்று நாம் கேட்டோம். "அதை எப்படிச் சாமி நான் சொல்றது?" என்றார். பிறகு அது மெல்லத் திரும்பி இறங்கிச் சென்றதாம். ஓட்டுநர் மேலும் கால் மணி நேரம் விளக்கைப் போடவில்லை. அன்று தோட்டத்துக்குப் போய்ச் சேர நேரமாகிவிட்டதால் பதினான்கு பேருக்கும் அரைநாள் கூலிதான் கிடைத்தது.